வளர்மதி கல்யாணத்துக்குக் கோயமுத்தூரில் பத்திரிகை வைத்தோம்

கோயமுத்தூர் போய்வந்தவர்கள் கோயிலைப் பற்றி எழுதுவார்கள், துணிக்கடைகளைப் பற்றி எழுதுவார்கள். நான் ஒரு பகல் முழுக்க அந்த ஊரில் நடந்து பார்த்ததெல்லாம் அடுத்தவர் வீட்டு வாசற்படிகளைத்தான். உடுமலைப்பேட்டையிலிருந்து நானும் மகள் வளர்மதியும் பேத்தி தர்ஷினியும் விடிந்ததும் பஸ் ஏறினோம். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் எவர்சில்வர் தட்டு, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகை.

கல்யாணம் வளர்மதிக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்றைக்கு எல்லோரும் கல்லூரியில் படிக்கிற தர்ஷினியைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

வளர்மதியின் வீட்டுக்காரர் தவறிப் பல வருசம் ஆகிறது. அவள் வேலை பார்க்கிற நூல் மில்லில் சண்முகம் மெஷின் பிட்டராக இருக்கிறார். அவருக்கும் மனைவி இல்லை. வளர்மதியைக் கட்டிக்கொள்ளலாமா என்று முதலில் தர்ஷினியிடம் கேட்டுவிட்டு, அப்புறம் என்னிடம் வந்து கேட்டார். நான் ஒரு வாரம் தூங்கவில்லை. எதற்கும் பயப்படுகிற ஆள் நான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தேங்காய்க் களத்துக்கு மூட்டை தூக்கப் போனவன். லாரி கிளம்பினால், கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடிப் பார்ப்பேன். ஆனால் சரி என்று சொன்ன பிறகு ஒன்றில் மட்டும் உறுதியாக நின்றுவிட்டேன். மண்டபத்தில்தான் கல்யாணம், வீடு வீடாகப் போய்த்தான் பத்திரிகை.

எங்கள் பக்கம் பத்திரிகையைத் தபாலில் போடுவதில்லை. கணவனும் மனைவியுமாகத் தட்டோடு போக வேண்டும். வாங்குகிற வீட்டிலும் தம்பதியாகச் சேர்ந்து நின்று கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் வாங்கினால் வருகிறோம் என்று அர்த்தம். டீப்பாய்மேல் வைக்கச் சொன்னால் வரமாட்டோம் என்று அர்த்தம். என் மனைவி இப்போது இல்லை. ஒற்றை ஆள் பத்திரிகை வைக்கக்கூடாது என்றார்கள். கல்யாணப் பெண்ணே கூடப் போகக்கூடாது என்றார்கள். அதுவும் இந்த மாதிரிப் பெண் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு இருப்பது இந்த இரண்டு பேர்தான். கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போக வேண்டிய வீடுகளில் முக்கியமானது ஒன்றுதான். என் மச்சினன் ஆறுச்சாமி, வளர்மதிக்குத் தாய்மாமன், பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் எங்களில் பெண்ணை மணவறைக்கு அழைத்துப் போவதில்லை. அவன் போனில், "ரெண்டாவதுக்கு எதுக்குங்க மச்சான் பத்திரிகை? கோயில்ல நாலு பேரோட முடிச்சுப்போட்டு வாங்க" என்று சொல்லிவிட்டான். வளர்மதி அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். "மாமன் கையில வாங்கலைன்னா மண்டபம் வேண்டாங்கப்பா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்தர்றோம்" என்றாள். அவன் கையில் கொடுக்காமல் திரும்புவதில்லை என்றுதான் நான் பஸ் ஏறினேன்.

கிணத்துக்கடவு தாண்டியதும் பஸ் ஒரு மாதிரி முனகி நின்றது. சகுனம் பார்க்கிற ஆள் இல்லை நான், ஆனால் பிரேக் பார்க்கிற ஆள். கண்டக்டர் இறங்கிச் சக்கரத்தை எட்டி ஒரு உதை விட்டுவிட்டு, "இறங்குங்க, பின்னாடி வர்ற வண்டில ஏத்தி உடறேன்" என்றார். சாலையோரம் நின்றபோது, கூட நின்ற ஒரு அம்மாள் தட்டின் விளிம்பு பைக்கு வெளியே தெரிவதைப் பார்த்துவிட்டார்.

"பேத்திக்குங்களா? பொண்ணு லச்சணமா இருக்குது."

"பேத்திக்கு இல்லீங்க. மகளுக்கு."

அந்த அம்மாள் வளர்மதியைப் பார்த்தார், தர்ஷினியைப் பார்த்தார், மறுபடி வளர்மதியைப் பார்த்தார். "ரெண்டாவதுங்களா?"

"ஆமாங்க!" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்த டிரைவர்கூடத் திரும்பினார். அந்த அம்மாள் தன் கூடையிலிருந்த மல்லிகையில் ஒரு முழம் கிள்ளி வளர்மதியிடம் நீட்டினார். "வெச்சுக்க அம்மணி." அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு முழித்தாள். பூ வைத்துப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. தர்ஷினிதான் பிடுங்கி, அம்மா தலையில் அங்கேயே வைத்துவிட்டாள்.

உக்கடத்தில் இறங்கினால் தலைக்கு மேலே பாலம், பாலத்துக்கு மேலே வெயில். தர்ஷினி செல்போனை எடுத்து, "அப்பச்சி, கார் புக் பண்ணட்டுங்களா? முட்டி வலிக்கும்" என்றாள்.

"வேண்டாம் கண்ணு. காருக்குள்ள உக்காந்து போனா ஒளிச்சுக் கொண்டுபோற மாதிரி இருக்கும். நடந்தே போலாம்."

சொல்லிவிட்டேனே தவிர, ரோட்டைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. எங்கள் ஊரில் நான் குறுக்கே நடந்தால் பஸ்காரர் நிறுத்தி, எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று விசாரிப்பார். இங்கே பைக்கில் போன பையன், "தாத்தா, ஒண்ணு போங்க, இல்லை நில்லுங்க!" என்று கத்திவிட்டுப் போனான். நான் கையைத் தூக்கிக்கொண்டு நடுவிலேயே நடந்தேன். நின்றார்கள். நின்றுதானே ஆக வேண்டும்.

முதல் வீடு கரீம் பாயுடையது. உக்கடத்துக்குப் பின்னால் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத ஒரு சந்துக்குள் அவருடைய கயிற்றுக் கடை, கடைக்குப் பின்னால் வீடு. எங்கள் களத்திலிருந்து வருசக்கணக்காகத் தேங்காய் நார் எடுத்தவர். என்ன சொல்வாரோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனதில் என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. அவர் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்னங்க, மூஞ்சி இப்படி இருக்குது? சாவு சொல்ல வந்தீங்களா, கல்யாணம் சொல்ல வந்தீங்களா?"

சொன்னேன். யாருக்கு, எத்தனையாவது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"அட, இதுக்குத்தானா? எங்க சின்னம்மாவுக்கு நான்தான் முன்னால நின்னு ரெண்டாவது நிக்காஹ் பண்ணி வெச்சேன். எங்கள்ல இதெல்லாம் ஒரு பேச்சே இல்லீங்க. சாப்பாடு நல்லா இருந்துச்சான்னு மட்டுந்தான் கேப்பாங்க." உள்ளே திரும்பி, "ஏம்மா, வெளிய வா, சோடியா நின்னு வாங்கோணும். இவங்க வழக்கம்" என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் நான்கு கைகளால் வாங்கினார்கள். சமோசாவும் டீயும் வந்தன. கிளம்பும்போது வளர்மதியிடம், "மாப்பிள்ளைய நல்லா நடக்கச் சொல்லு. லாரி பின்னாடி ஓடற மாதிரி உங்கப்பன் அவரு பின்னாடியும் ஓடுவாரு" என்றார்.

அங்கிருந்து டவுன்ஹால் பக்கம் நடந்து இன்னும் சில வீடுகள். ஒரு வீட்டில் வாங்கினார்கள். ஒரு வீட்டில், வீட்டுக்காரர் குளிக்கிறார் என்றார்கள். குளித்துவிட்டு வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். குழாயை மூடுகிற சத்தம் கேட்ட பிறகும் வெகுநேரம் அவர் வரவில்லை. நானும் எழவில்லை. கடைசியில் தலை காய்ந்தே போய் வெளியே வந்து வாங்கினார்.

மதியம் ஓட்டலில் சாப்பிட்டோம். கூட்டு, பொரியல், குழம்பு எல்லாம் குறையில்லை. ஆனால் தேங்காயை எங்கோ ஒளித்து வைத்துச் சமைக்கிறார்கள். "ஏனுங்க, பொரியல்ல தேங்காய் போடுவீங்களா, இல்லை காட்டீட்டு எடுத்துருவீங்களா?" என்று பரிமாறியவரிடம் கேட்டேன். வளர்மதி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி பொரியல் வைத்தார். மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். பையில் பத்திரிகைக் கட்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். சாப்பிடுவதற்கு முன்னும் அதைத் தொட்டுப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது.

கணபதியில் என் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை மகள் கௌசல்யா இருக்கிறாள். குழந்தையில் பார்த்தது. அடுக்குமாடி வீடு, மூன்றாவது மாடி. லிப்ட் பாதியில் நின்றுவிட்டால் யார் வந்து திறப்பார்கள் என்று தெரியாததால் படியேறினோம். மணியை அடித்ததும் ஒரு பெண் திறந்தாள். தட்டைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க! உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. பேன் போடறேன் இருங்க."

நல்ல மரியாதை தெரிந்த பெண்ணாக வளர்ந்திருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷம். தண்ணீர், காப்பி, தட்டு நிறைய முறுக்கு. அவள் வீட்டுக்காரரும் வந்து கும்பிட்டு உட்கார்ந்தார்.

"ஊர்ல மழைங்களா?" என்றார்.

"பரவால்லீங்க. அம்மா அப்பா சௌக்கியமா?" என்றேன்.

"நல்லா இருக்காங்க. அப்பாவுக்குத்தான் கண்ணு ஆபரேசன் பண்ணியிருக்குது" என்றார் வீட்டுக்காரர்.

"அட, சொல்லவே இல்லை" என்றாள் வளர்மதி வருத்தமாக.

"யாருக்கும் சொல்லலீங்க அக்கா" என்றாள் அந்தப் பெண், அதைவிட வருத்தமாக.

இப்படியே அரை மணி நேரம் போனது. அப்புறம் இருவரும் சேர்ந்து நின்று கையில் வாங்கினார்கள். கல்யாணம் வளர்மதிக்கு என்றேன். "ரொம்பச் சந்தோசம் அக்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அன்றைக்கு எத்தனையாவது என்ற பேச்சே எழாத ஒரே வீடு அது. இரண்டு பேரும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்கள். உள்ளே பேசியது நன்றாகவே கேட்டது.

"உங்க பெரியம்மா வகையறாங்களா?"

"என்ற பக்கமா? உன்ற பக்கம்னு நெனச்சல்ல நான் கண்ணாபரேசன் வரைக்கும் சொன்னேன்!"

தர்ஷினி முறுக்கை வாயில் வைத்தபடியே சிரிப்பை அடக்க முடியாமல் வராண்டாவுக்கு ஓடிவிட்டாள். நாங்கள் ஏறியது வேறு பிளாக். தட்டோடு வாசலில் நிற்பவரைப் பார்த்து, யார் நீங்கள் என்று கேட்க எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வாய் வராது. உள்ளே கூட்டி உட்காரவைத்தவரைப் பார்த்து, நீங்கள் யார் என்று எங்களுக்கும் கேட்க வராது. இப்படி இரண்டு மரியாதையும் சேர்ந்து ஒரு பத்திரிகையையே ஆள் மாற்றி வைத்துவிட்டன.

அந்தப் பெண் முகம் சிவந்து, பத்திரிகையைத் திருப்பி நீட்டினாள். "மன்னிச்சுக்குங்க. உங்களுக்கு ஒரு பத்திரிகை வீணாப் போயிருச்சு..."

எனக்கும் காது சுட்டது. ஆனாலும் கையை நீட்டவில்லை. "வெச்சது வெச்சதுதானுங்க. எங்க தண்ணி குடிச்சமோ அவங்க சொந்தந்தான். குடும்பத்தோட வந்தரோணும்."

"கண்டிப்பா வாரோமுங்க" என்றார் வீட்டுக்காரர். உண்மையான கௌசல்யாவின் வீட்டுக்குப் போனால் பூட்டியிருந்தது.

காந்திபுரத்தில் பஸ் ஏறிப் பெரியநாயக்கன்பாளையம் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வளர்மதி வழியெல்லாம் சேலை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே வந்தாள். நான் பயத்தை வெளியே காட்டாமல் இருப்பதற்காகக் கடைப் பெயர்ப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தேன்.

ஆறுச்சாமி பட்டறையிலிருந்து எழுந்து வாசலுக்கே வந்துவிட்டான். "வாங்க மச்சான். வா வளரு. வா கண்ணு. காலை நீட்டி உக்காருங்க மச்சான், முட்டி வலி எப்படியிருக்குது?" அவன் மனைவி ருக்குமணி காப்பி கொண்டுவந்தாள். ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. சண்டைக்காரனிடம் பேசிவிடலாம், இப்படி உபசரிக்கிறவனிடம் எப்படிப் பேசுவது? காப்பி குடித்து முடித்ததும் தட்டை எடுத்தேன், வெற்றிலை வைத்தேன், பத்திரிகை வைத்தேன், எழுந்து நின்றேன்.

"அதை அப்படி டீப்பாய்மேல வெச்சுருங்க மச்சான்" என்றான்.

"கையில வாங்கு ஆறுச்சாமி."

"கையில எண்ணெய் மச்சான்." விரித்துக் காட்டினான். உண்மைதான். விரல் இடுக்கெல்லாம் கறுப்பு.

"கழுவிட்டு வா. நிக்கறேன்."

அவன் கழுவப் போகவில்லை. "நேராவே பேசீருவோம் மச்சான். மாமன் சீரு ஒரு தடவை செஞ்சுபோட்டேன். மாலையும் எடுத்துக் குடுத்தேன். அதே பொண்ணுக்கு மறுக்கா எடுத்துக் குடுத்தா இந்த ஊர்ல என்ற மரியாதை என்னாகறது? வயசுக்கு வந்த புள்ளைய வேற வெச்சுக்கிட்டு..."

"அந்தப் புள்ளை சரின்னு சொல்லித்தான் சின்ன அப்பச்சி இது நடக்குது" என்றாள் தர்ஷினி.

வளர்மதி எழுந்தாள். பகல் முழுக்க என் பின்னாலேயே நின்றவள், முன்னால் வந்தாள். "மாமா, போன தடவை மாப்பிள்ளை பார்த்தது நீங்க, நாள் குறிச்சது நீங்க, சேலை எடுத்தது நீங்க. எனக்கு எந்தக் கலர் புடிக்கும்னுகூட யாரும் கேக்கலை. நானும் ஒண்ணும் சொல்லலை. நல்லாத்தான் வாழ்ந்தேன், அவருக்கு ஆயுசு இல்லை. இது ஒண்ணுதான் மாமா நானாச் சொன்னது."

ருக்குமணி சமையலறை நிலைப்படியில் நின்றாள். பத்திரிகையை வாங்க அவள் வலது கை பாதிவரை நீண்டது. புருசனைப் பார்த்தாள், கை நின்றுவிட்டது.

"பத்திரிகைல என்ற பேரை எடுத்துப்போடுங்க மச்சான்" என்றான் ஆறுச்சாமி, மெல்ல.

"போட்ட பேரு போட்டதுதான். நீ வந்தா நீ நிப்பே. வராட்டி உன் பேரு மட்டும் வந்து நிக்கட்டும்" என்றேன். பத்திரிகையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியேறினோம். அப்போதும் அவன் கேட் வரைக்கும் வந்து, "இருட்டறதுக்குள்ள பஸ் ஏறிருங்க மச்சான்" என்றான்.

தெருமுனைக்கு வருவதற்குள் என் வீராப்பெல்லாம் இறங்கிவிட்டது. ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தேன். "கண்ணு, நீ சொன்னபடி ரிஜிஸ்டர் ஆபீசே வெச்சுக்கலாமா? மாலை எடுத்துக் குடுக்க மாமன் இல்லாம மண்டபத்துல எப்படி? நான் எடுத்துக் குடுக்கலாம்னா ஒத்தை ஆளு, ஆகாதும்பாங்க..."

"இன்னைக்கு முச்சூடும் ஒத்தை ஆளாத்தான பத்திரிகை வெச்சீங்க? யாரு செத்தா?" என்றாள் வளர்மதி.

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"மிச்சம் பத்திரிகை இருக்குதுங்களாப்பா?"

"இருக்குது கண்ணு. ஆனா நம்மாளுக யாரும் இந்தப் பக்கம் இல்லையே."

"இல்லாம என்ன? பள்ளிக்கூட லீவு உட்டா இந்தத் தெருவுலதான் கெடப்பேன். எல்லாரும் என்னைத் தெரிஞ்சவங்க. எந்திரிங்க."

"அம்மணி, மாமன் வாங்காம மாமன் தெருவுல வெக்கக்கூடாது..."

அவள் பையை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்துவிட்டாள். தர்ஷினி என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். ஆறுச்சாமி வீட்டுக்கு நேர் எதிர் வீடு. வளர்மதி கேட்டைத் தட்டி, "சரோஜாக்கா!" என்று குரல் கொடுத்தாள். அவன் இன்னும் தன் கேட்டருகிலேயே நின்றுகொண்டிருந்தான். கையில் எண்ணெய் துடைக்கிற நூல் கழிவு.

"வளருங்களா இது? ஏனுங்க, வெளிய வாங்க, நம்ம வளரு வந்திருக்குது!" என்று அந்த அம்மாள் வந்தார். வீட்டுக்காரரும் வந்தார். நான் தட்டை எடுத்தேன். கல்யாணம் யாருக்கு என்று சொன்னேன், எத்தனையாவது என்றும் சொன்னேன். சரோஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வீட்டுக்காரரோடு சேர்ந்து நின்று வாங்கினார்.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். தெருவுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னேன்: "ரெண்டு பேரும் முதல்நாளே வந்தரோணும். தாய்மாமன் உங்க எதுத்த ஊட்டுக்காரருதான். பத்திரிகைல பேரு இருக்குது பாருங்க."

சரோஜாவின் வீட்டுக்காரர் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தார். பார்த்ததும் தெருவைத் தாண்டிச் சத்தம் போட்டார். "ஏனுங்க ஆறுச்சாமி! அப்பத் தனித்தனியா எதுக்குங்க? உங்க வண்டியிலயே எல்லாருமாப் போயிரலாமுங்களா?"

ஆறுச்சாமி நூல் கழிவை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றினான். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்த முகமாகக் கேட்டால் இல்லை என்று சொல்ல எங்கள் பக்கம் ஒருவராலும் முடியாது. அவன் எங்களை எல்லாம் விட நாசூக்கான ஆள்.

"போ... போலாமுங்க" என்றான்.

நான் இன்னொரு பத்திரிகையைத் தட்டில் வைத்தேன். வளர்மதி என் பக்கத்தில் வந்து தட்டின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். தெருவின் குறுக்கே பாதி தூரம் நடந்து நின்றோம்.

"அப்பக் கையைக் கழுவிட்டு ருக்குமணியையும் கூட்டிக்கிட்டு வா ஆறுச்சாமி" என்றேன். "நாங்க நிக்கறோம்."

பின்னால் ஒரு மினி பஸ் வந்து ஹாரன் அடித்தது. நாங்கள் நகரவில்லை.